குட்டிப் பாம்பின் பெட்டிச் சூடு: சேலத்துக் கணக்கு வேறு, ஏற்காட்டுக் கணக்கு வேறு

பால் பைதான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு இனம்) குட்டி வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஹீட் மேட் எத்தனை வாட்?" பெட்டியைச் சூடாக்க அடியில் வைக்கும் மின் விரிப்புதான் அது. அதைக் கேட்பதற்கு முன்னால், பெட்டி வைக்கப்போகும் அறையில் மதியம் 3 மணிக்கு எத்தனை டிகிரி, விடியற்காலை 5 மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் அளந்து எழுதி வையுங்கள். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 38, 39 டிகிரி சாதாரணம். 40 தாண்டும் நாளும் உண்டு. சுமார் 30 கிலோமீட்டர் மேலே போனால் ஏற்காடு, ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்கும். இரண்டு ஊருக்கும் ஒரே செட்டப் சரிப்படாது.

நம் ஊர்ச் சாரை, மண்ணுளி எதையும் வீட்டில் வைப்பது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனமான பால் பைதானையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துதான் வளர்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அப்படிப் பதிந்த குட்டிக்கு.

பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய சூட்டை இடம் மாறித்தான் தேடிக்கொள்ளும். பால் பைதான் குட்டிக்குச் சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவிலும் 24-க்குக் கீழே போகக்கூடாது. கார்ன் ஸ்நேக் (அமெரிக்கப் பாம்பு இனம்) என்றால் சூடான பக்கம் 28 முதல் 30, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மறைவிடம் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால், குட்டி பயத்தில் சூட்டையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். சின்னக் குட்டிக்கு வாய் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்த கொட்டாங்கச்சியே நல்ல மறைவிடம்.

ஹீட் மேட் தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்க வேண்டும், அதுவும் பெட்டிக்கு வெளியே, அடியில். கண்ணாடித் தொட்டி என்றால் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து அரை அங்குலம் தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மேட்டின் சூடு தரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடைபட்டுக் கண்ணாடியே விரிசல் விடலாம். தரையில் பரப்பும் கோகோ பீட்டை (தென்னை நார்த் தூள்) 2 சென்டிமீட்டருக்கு மேல் கொட்ட வேண்டாம். கனமாகப் போட்டால் மேலே தொட்டுப் பார்க்கும் கைக்கு இதமாக இருக்கும், அடியில் கண்ணாடி கொதிக்கும். குட்டி குடைந்துகொண்டு அங்கேதான் போகும். வயிற்றில் சுடுவதைப் பாம்பு உடனே உணர்ந்து நகர்ந்துவிடும் என்று நம்பி இருக்கக்கூடாது. வயிற்றுச் செதில்கள் வெந்துபோன குட்டிகள் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் மேட்டை நிறுத்தும் கருவி) இல்லாத மேட்டின் மேல் படுத்தவைதான்.

தெர்மோஸ்டாட்டுக்கு எஸ்டிசி-1000 போதும். இன்குபேட்டர் செய்கிறவர்களும் வாங்கும் சாதாரணக் கருவிதான். இதன் ஹீட்டிங் முனைகள் வெறும் சுவிட்ச். தாமாகக் கரண்ட் தராது. ஃபேஸ் வயரிலிருந்து ஒரு லூப் எடுத்து ஒரு முனையில் கொடுத்து, அடுத்த முனையிலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 230 வோல்ட் வேலை, எலெக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள். வித்தியாச அளவை (வைத்த சூட்டிலிருந்து எவ்வளவு இறங்கினால் மேட் மறுபடி எரிய வேண்டும் என்பது) 0.5 டிகிரியில் வையுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் சென்சாரில். அதை மேட்டுக்கும் பெட்டி அடிக்கும் நடுவே, மேட்டின் நட்ட நடுவில், அலுமினியம் டேப்பால் ஒட்டுங்கள். செலோடேப் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். சென்சார் அறுந்துபோனால் கருவி பிழை காட்டி மேட்டை நிறுத்திவிடும். இடம் மாறி வெளியே தொங்கினால் ஒன்றும் காட்டாது. வெளிக்காற்று 26 டிகிரி என்று படித்துக்கொண்டு மேட்டை நிறுத்தாமல் எரியவிடும். பெட்டிக்கு உள்ளே போட்டாலும் ஆபத்து உண்டு: பாம்பு அதைத் தள்ளும், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து அது நனையும். வெளியே ஒட்டினால் உள்தரை 2, 3 டிகிரி குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தை அளந்து, கருவியில் அவ்வளவு கூட்டி வையுங்கள்.

அளக்க, கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டரே உதவும், ஆனால் உடல் முறையிலிருந்து பரப்பு முறைக்கு மாற்ற வேண்டும். உடல் முறை, நெற்றியை வைத்து உடல் சூட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுவது. தரைக்குத் தப்பாகத்தான் வரும். பெட்டியைத் திறந்து, கோகோ பீட்டை விலக்கி, வெறும் தரையில் காட்டி அளவெடுங்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளந்தால் கண்ணாடியின் சூடுதான் தெரியும்.

சேலத்துக் கோடையில் இந்த ஏற்பாடு எல்லாம் சும்மா கிடக்கும். தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தத்தான் செய்யும், பெட்டியைக் குளிர்விக்காது. அறை 36 டிகிரி என்றால் குளிர்ந்த பக்கமும் 36. அந்தச் சூட்டில் நாள் முழுக்க விட்டால் குட்டி பிழைப்பது கஷ்டம். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடி அறை வேண்டாம், மேற்குச் சுவர் வேண்டாம், பரண் வேண்டவே வேண்டாம். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறையில், தரையோடு தரையாக வையுங்கள். மின்விசிறியைப் பெட்டி மேல் திருப்பிப் பயனில்லை. பாம்புக்கு வியர்க்காது, அதே சூட்டுக் காற்றுதான் சுழலும். ஏர் கூலர் சேலத்தின் வறண்ட ஏப்ரலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் பெட்டிக்குள் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டாமல் கவனியுங்கள். அவசரத்துக்கு, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டில் சுற்றி, குளிர்ந்த பக்கச் சுவரை ஒட்டி வெளியே வையுங்கள். ஏசி இருந்தால் 27-ல் விட்டு மேட்டையும் போட்டுவிடலாம், அதுதான் எல்லாவற்றிலும் நிம்மதி. வேலைக்குப் போகிறவர்கள் குளிர்ந்த பக்கம் இன்னொரு தெர்மோஸ்டாட் வைத்து, 31 டிகிரியில் அதன் கூலிங் முனை (சூடு ஏறினால் இணையும் சுவிட்ச்) ஒரு பஸ்ஸரை ஒலிக்கவிடும்படி செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். அறை 14 டிகிரி என்றால் அடி மேட் தரையை மட்டும் சூடாக்கும், காற்று குளிர்ந்தே கிடக்கும். குட்டியின் மூச்சுக்கு அது ஆகாது. பின்சுவர், பக்கச்சுவர் மூன்றையும் தெர்மோகோலால் மூடி, மேலே கம்பிக் கூண்டு போட்ட செராமிக் ஹீட்டரை (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் பல்பு போன்றது) ஒரு தனித் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்; பீங்கான் ஹோல்டர் வேண்டும்.

கரண்ட் போனால்? ஹீட் மேட் 15, 20 வாட்தான், சாதாரண இன்வெர்ட்டரே இரவு முழுக்கத் தாங்கும். அதுவும் இல்லையென்றால் குட்டியைத் துணிப்பையில் கட்டி, காற்றுத் துளை போட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். 40 டிகிரித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, பையில் படாமல் ஓரமாகச் சேர்த்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு இருக்கும் குட்டி ஒரு இரவு 20 டிகிரியைத் தாங்கிவிடும். இரை தின்ற 2 நாளுக்குள் குளிர்ந்தால்தான் செரிக்காமல் கக்கும். மழை, காற்று என்று அறிவிப்பு வந்த வாரத்தில் ஏற்காட்டில் இரை போடாமல் தள்ளிவையுங்கள்.

கக்கிவிட்டால் உடனே மறுபடி ஊட்ட வேண்டாம். சூட்டைச் சரிசெய்து, தண்ணீர் மட்டும் வைத்து, 10 முதல் 14 நாள் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரை கொடுங்கள். மூக்கில் குமிழ், வாய் திறந்து மூச்சு, விசில் போன்ற சத்தம் இருந்தால் அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், அந்த ஒரு வாரத்துச் சூட்டுக் குறிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.