கம்பளி வெளியே வரும் நாள்

குளிர் எட்டிப் பார்த்ததும் கை தானாக ஸ்வெட்டரைத் தேடும். ஆனால் அலமாரியை மாற்றி அடுக்கும் வேலையை, உள்ளே போகிற வெயில்காலத் துணியிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஒரே ஒருமுறை உடுத்தியதாக இருந்தாலும் துவைக்காமல் வைக்கக் கூடாது. கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் படிந்த வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இன்று கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மாதம் கழித்து மஞ்சள் கறையாக வந்து நிற்கும், அப்போது எளிதில் போகாது. உள்ளே வைக்கும் பருத்திக்குக் கஞ்சி போட வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அதுவே தீனி. முழுக்கக் காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். தையல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் கடைசியில் தங்குவது அங்கேதான்.

இனி கம்பளி. ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புகளையும் காலரின் அடிப்பக்கத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை, மெல்லிய நூலாம்படை, மணல் போன்ற துகள் இருந்தால் அந்துப்பூச்சி குடியேறிவிட்டது என்று பொருள். பறக்கிற பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். வியர்வையோ உணவுக் கறையோ பட்ட இடத்தை அது விரும்பித் தேடும்.

சந்தேகப்பட்ட துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் முழுதாக 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருந்தால் நீர்த்துளி பைக்கு வெளியே படியும், துணி நனையாது. பாச்சை உருண்டை என் அலமாரியில் கிடையாது. நாப்தலீன் வாடை கம்பளியை விட்டு லேசில் போகாது. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. சுத்தமாகத் துவைத்து, இறுக மூடிய பெட்டியில் வைத்தால் அந்த உருண்டைக்கு வேலையே இல்லை.

பெட்டி வாடை மட்டும் அடிக்கிற ஸ்வெட்டருக்குத் துவைப்பு தேவையில்லை. நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் விரித்துப் போட்டால் போதும். அழுக்கு இருந்தால் மட்டும் கம்பளிக்கென்றே வரும் திரவ சோப்பில் துவைக்கலாம். வழக்கமான சோப்புத் தூள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருக்கும். கம்பளியும் புரதம்தானே, கறையோடு இழையையும் அது அரிக்கும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். 10 நிமிடம் ஊறவைத்து மெல்ல அழுத்தினால் போதும். இழையின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் தேய்ப்பிலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்குவது அப்படித்தான், சுருங்கியதை மீட்பது மிகக் கடினம். முறுக்கிப் பிழியாமல், தடித்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். பிறகு சமதளத்தில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நனைந்த எடைக்கே நீண்டுவிடும். காய்ந்த பிறகும் பின்னல் துணிக்கு ஹேங்கர் வேண்டாம், தோளில் முட்டு விழும். மடித்து வைப்பதே நல்லது.

கைக்கு அடியிலும் இடுப்போரத்திலும் நூல் திரண்டு உருண்டையாக நிற்பது உராய்வால் வருவது, அதற்காகத் துணி பழசாகிவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். கையால் பிய்த்தால் இன்னும் இழை வெளியே வரும். தட்டையாக விரித்து, திரள் நீக்கும் கருவியை மேலாக ஓட்டினால் புதுசு போல் ஆகிவிடும். வருடத்தில் சில மாதமே கைக்கு வரும் துணி இப்படித் தயாராகி மடியில் கிடக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை நான் விரும்புகிறேன்.

உடுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கதகதப்பைத் தருவது அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நான்கு துணியை இறுக்கமாகப் போட்டால் அந்தக் காற்று நசுங்கி, குளிர் கூடும். மேல் கோட்டின் அளவை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே சரிபாருங்கள், கையைத் தூக்கினால் தோள் பிடிக்கக் கூடாது. வேகமாக நடக்கிற நாளில் உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி இருக்கட்டும். அது தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை வாங்கிக்கொண்டும் சொதசொதக்காது. பருத்தியோ நனைந்து ஒட்டிச் சில்லிட வைக்கும். வியர்க்காத நாளில் பருத்தியே போதும், அதனால் முழுக்கைச் சட்டை மூன்று நான்கை மட்டும் பெட்டிக்குள் அனுப்பாமல் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.