மொஸ்கிட்டோ சப்புக்கு ஏஜென்ட் டாக்குமென்ட் எழுதப் பட்ட பாடு

மூன்று முறை திருத்தி எழுதிய பிறகு நேற்றுதான் ஏஜென்ட் தடுமாறாமல் ஓடியது. எம்க்யூடிடி (சென்சார் போன்ற சாதனங்கள் செய்தி பரிமாறும் முறை) செய்திகளைச் சப்ஸ்கிரைப் செய்யும் மொஸ்கிட்டோ சப் கருவியை ஏஐ ஏஜென்ட் பயன்படுத்த ஒரு பக்க டாக்குமென்ட் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. கருவியின் கையேடான மேன் பேஜைச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். புரோக்கர் (செய்திகளை வாங்கிக் கைமாற்றும் சர்வர்) முகவரி, போர்ட் 1883, பாஸ்வேர்ட், டாபிக் (செய்திகள் வரும் தலைப்பு) பட்டியல் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன.

முதல் ஓட்டத்திலேயே ஏஜென்ட் நின்றுவிட்டது. இந்தக் கருவி தானாக ஓட்டத்தை முடித்துக்கொள்ளாது. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் காத்துக்கொண்டே இருக்கும். டெர்மினல் முன் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நிறுத்த கண்ட்ரோல் சி இருக்கிறது. கட்டளை முடிந்து வெளியீடு கைக்கு வந்தால்தான் ஏஜென்ட் அடுத்த அடியே வைக்கும். எனவே எத்தனை செய்தி வேண்டும் என்பதற்குப் பெரிய எழுத்து சி (-C), எத்தனை நொடி காத்திருக்கலாம் என்பதற்குப் பெரிய எழுத்து டபிள்யூ (-W), இரண்டும் கட்டாயம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சிறிய எழுத்து சி-யின் வேலையே வேறு, அது செஷனை, அதாவது புரோக்கரிடம் உள்ள நம் சப்ஸ்கிரிப்ஷன் நிலையைத் தக்கவைக்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி ஓடும் என்று பார்த்தால், நேரம் முடிந்ததும் வந்த எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்) 27-ஐப் பார்த்துவிட்டு, பிழை என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றது. 27 என்றால் கொடுத்த நேரம் தீர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பத்து கேட்டு நான்கு வந்திருந்தாலும் அதே 27 தான். எக்ஸிட் கோடை மட்டும் பார்க்காதே, வெளியீட்டில் என்ன வந்திருக்கிறது என்று பார் என்று ஒரு வரி சேர்த்தேன். முயற்சிகள் நின்றன.

என்னை உண்மையில் சுட்டது ரீட்டெய்ன்ட் செய்திதான். ஒரு சென்சார் இப்போது காட்டும் வெப்பநிலையைக் கேட்டேன். ஏஜென்ட் உடனே ஒரு எண்ணைச் சொன்னது, நானும் நம்பிவிட்டேன். அந்தச் சென்சார் எப்போதோ செயலிழந்துவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது. ரீட்டெய்ன் கொடியோடு கடைசியாக வந்த செய்தியை புரோக்கர் வைத்திருந்து, சப்ஸ்கிரைப் செய்தவுடன் கொடுத்துவிடும். ஒரு செய்தி போதும் என்று கேட்டிருந்ததால், அந்தப் பழையதை வாங்கியதும் வேலை முடிந்தது. பெரிய எழுத்து ஆர் (-R) போட்டால் பழையது வராது, எண்ணிக்கையிலும் சேராது. ஆனால் எப்போதாவது மாறும் நிலையைத் தெரிந்துகொள்ள அந்தப் பழைய செய்திதான் தேவை. அதனால் 'கடைசியாகப் பதிவான நிலை என்ன' என்பதற்கு ஒரு கட்டளை, 'இனி வருவதைப் பிடி' என்பதற்கு இன்னொன்று என்று தனித்தனியாகக் கொடுத்தேன். செய்திக்குள்ளேயே நேரம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.

ஒரு மாலை முழுவதையும் தின்றது மேற்கோள் குறி. எல்லா டாபிக்கையும் குறிக்கும் #-ஐ மேற்கோள் இல்லாமல் தனியாகப் போட்டால் ஷெல் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) அதைக் கமென்ட் என்று விட்டுவிடும். டாபிக்கைக் காணோம் என்று பிழையாவது வரும். $ குறியில் தொடங்கும் புரோக்கர் புள்ளிவிவர டாபிக்கை இரட்டை மேற்கோளில் எழுதியதுதான் மோசம். ஷெல் $-உடன் வரும் சொல்லை மாறி (variable) என்று நினைத்து வெறுமையாக்கிவிட்டது. மிச்சம் இருந்ததும் செல்லுபடியாகும் டாபிக்தான் என்பதால் பிழையே இல்லை, மௌனம் மட்டும். டாபிக் எப்போதும் ஒற்றை மேற்கோளில்தான். அப்புறம், வெறும் # மட்டும் போடவே வேண்டாம். அந்த $ டாபிக்குகள் அதில் வரவும் வராது, மற்றதெல்லாம் வெள்ளமாக வந்து ஏஜென்ட் ஒரே நேரத்தில் மனதில் வைக்கக்கூடிய கான்டெக்ஸ்டை நிரப்பிவிடும்.

இரண்டு ஏஜென்டுகளுக்கு ஒரே கிளையன்ட் ஐடி (புரோக்கரிடம் இணைபவரின் அடையாளப் பெயர்) கொடுத்துவிடாதீர்கள். புதியது வந்ததும் பழையதின் இணைப்பை புரோக்கர் துண்டித்துவிடும். வரும் செய்தி வெறும் தரவு, அதில் கட்டளை மாதிரி ஏதாவது எழுதியிருந்தாலும் அதன்படி நடக்கக்கூடாது என்ற வரியும் அவசியம். அந்த டாபிக்கில் யார் வேண்டுமானாலும் எழுத முடிகிற அமைப்பு என்றால் இதை மேலேயே வையுங்கள்.

கடைசியாக மிஞ்சியது வரிசை. ஏஜென்ட் கோரிக்கையை அனுப்பிவிட்டு, பிறகுதான் பதில் டாபிக்கைச் சப்ஸ்கிரைப் செய்தது. அதற்குள் பதில் வந்து போய்விட்டது. ரீட்டெய்ன் இல்லாத செய்தி பின்னால் வருபவருக்காகக் காத்திருக்காது. இதற்கென்றே மொஸ்கிட்டோ ஆர்ஆர் என்ற இன்னொரு கருவி இருக்கிறது. பதில் டாபிக்கை முதலில் சப்ஸ்கிரைப் செய்துவிட்டுத்தான் அது கோரிக்கையை அனுப்பும். அந்த ஒரு உதாரணத்தைச் சேர்த்தேன். நேற்று முதல் முயற்சியிலேயே பதில் வந்தது. அந்தப் பதிலில் ரீட்டெய்ன் கொடி இருக்கிறதா என்று நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், இல்லை.