எழுபது வளைவுக்கு எத்தனை பல்?

கொல்லிமலைக்குப் பைக்பேக்கிங் போகிறேன் என்று ஆபீஸில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "புல்லட்டா?" தப்பு என்னுடையதுதான். நம் ஊரில் பைக் என்றால் அது பெட்ரோல் குடிக்க வேண்டும். இப்போதெல்லாம் "சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டுப் போறேன்" என்றே சொல்லிவிடுகிறேன். உடனே புரிகிறது. கூடவே கொஞ்சம் இரக்கமும் கிடைக்கிறது.

இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது, மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட ரோட் சைக்கிளில். "எந்த மலையும் ஏறும் சார்" என்று சொல்லி விற்றார்கள். ஏறியிருக்கும், ஓட்டுகிறவன் வேறு யாராவதாக இருந்திருந்தால். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. 23வது பலகையில் இறங்கினேன். அதற்குப் பிறகு பாதி தூரம் தள்ளினேன். ஒரு மினி பஸ்ஸில் இருந்த பாட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பஞ்சராப்பா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சைக்கிளின் முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.2 சுற்று சுற்றும். அதாவது ஒரு மிதிக்குச் சுமார் இரண்டரை மீட்டர். மூட்டையோடு மலையில் என்னால் முடிந்த வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். அப்படியென்றால் நிமிஷத்துக்கு 36 சுற்றுதான் மிதிக்க முடியும். அது மிதிப்பதே இல்லை, ஒவ்வொரு சுற்றும் ஒரு தோப்புக்கரணம். முழங்கால் கதறியதில் ஆச்சரியமில்லை.

அதனால் யாராவது "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்று கேட்டால், பிராண்டையும் பிரேமையும் விட்டுவிட்டு, முன்னால் இருப்பதில் சின்னதற்கு எத்தனை பல், பின்னால் இருப்பதில் பெரியதற்கு எத்தனை பல் என்று எண்ணச் சொல்கிறேன். கடையில் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணுங்கள், வெட்கப்படாதீர்கள். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால் மலைக்கு ஆகும். இல்லையென்றால் ஈசிஆரில் பாண்டிச்சேரி போய்வர வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என்னிடம் இருப்பது 26 இஞ்ச் சக்கரம் கொண்ட பழைய மவுண்டன் சைக்கிள். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன், பெயின்ட் உரிந்த இரும்பு பிரேம். முன்னால் சின்னதில் 24 பல். பின்னால் பிரீவீலை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்தை, மட்டும் மாற்றிப் பெரியதில் 34 பல் போட்டேன். செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நிமிஷத்துக்கு 60 சுற்று சுற்றினாலும் மணிக்கு ஐந்தே கால் கிலோமீட்டர்தான். வேகமாக நடப்பவர் முந்திவிடுவார், முந்தட்டும். நான் உட்கார்ந்துகொண்டே போகிறேன்.

26 இஞ்சில் இன்னொரு சௌகரியம், அதன் டியூப் ஊர்ப் பஞ்சர் கடையிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ரோட் சைக்கிளின் 700சி அளவு டியூபைத் தேடினால் சேலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். வால்வும் அப்படித்தான். மோட்டார் பைக்கில் இருக்கிற அதே தடித்த வால்வாக இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

வழி விஷயத்தில் மேப்பை அப்படியே நம்பாதீர்கள். அது காருக்கு யோசிக்கும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை நாற்கர சாலையிலேயே போகச் சொல்லும், லாரிக்குப் பேர் போன ஊருக்கு லாரிகளோடு. நான் மல்லூர் தாண்டி ராசிபுரத்தில் பிரிந்து, பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போகிறேன். டீக்கடைக்குப் பஞ்சமில்லாத சாலை, இடது பக்கம் மலை கூடவே வரும். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் பாதி மலையாவது ஏறலாம். சமவெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். அடிவாரத்தில் மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்கிறேன், வளைவுகளுக்கு நடுவே கடையை நம்பி ஏறக்கூடாது. ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா நேரத்தில் மட்டும் போகாதீர்கள். மொத்த ஜில்லாவும் மலையில் இருக்கும்.

இரண்டாவது பயணத்தில் பேளுக்குறிச்சி தாண்டியதும் 'டிங்' என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் போய்விட்டது, அதுவும் பிரீவீல் பக்கம். சக்கரம் பிரேக் கட்டையில் உரசி உரசி நகர்ந்தது. புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை, தார்ப்பாய்க் கூரை. பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. உடைந்ததை மாற்றப் பிரீவீலைக் கழற்ற வேண்டும், அதற்கான சாவி அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. பக்கத்து ஸ்போக்ஸுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தியும் இறுக்கியும், ஒவ்வொரு தடவையும் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சாக்பீஸை வைத்தார். இருபது நிமிஷத்தில் கோடு விழுவது நின்றது.

அப்புறம் என் மூட்டையைப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பை, கேரியரில் இன்னொன்று. "ஏனுங்க தம்பி, எல்லாத்தையும் பின்னாடியே ஏத்துனா இவன் என்ன பண்ணுவான்?" இவன் என்றது சக்கரத்தை. அங்கேயே பிரித்துப் போட்டோம். தண்ணீரும் டூல்ஸும் பிரேமின் நடு முக்கோணத்துக்குள் போயின. போர்வையும் துணியும் முன்னால் ஹேண்டில்பாரில், பழைய டியூபை வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டினார். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பைகளின் வேலையை அந்த ரப்பர் பட்டை ஊர் திரும்பும்வரை பார்த்தது.

டென்ட் எடுத்துப் போவதில்லை. மலைமேல் செம்மேட்டில் லாட்ஜ் இருக்கிறது, மெஸ் இருக்கிறது, கொட்டகை போட்டுப் பாம்புக்குப் பயப்பட வேண்டிய அவசியம் எனக்கில்லை. இரண்டு செட் துணி, ஒரு கைலி, போர்வை, டார்ச், உப்பு-சர்க்கரை பாக்கெட், கடலை மிட்டாய். கைலி துண்டும் ஆகும், திரையும் ஆகும், தலையணையும் ஆகும். எடையைக் குறைக்கிறேன் என்று பல் துலக்கும் பிரஷைப் பாதியாக ஒடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் 84 கிலோ, எட்டு கிராம் குறைத்து எங்கே கொண்டு போவது? வாழைப்பழத்தை மட்டும் ஹேண்டில்பார் பையில் வைக்காதீர்கள். 41வது வளைவில் மூச்சு வாங்க நின்றேன், ஒரு குரங்கு ஜிப்பைத் திறந்தது. கிழிக்கவில்லை, திறந்தது.

அந்த முறை ஒரு இடத்திலும் தள்ளவில்லை. மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் டீ குடிக்கும்போது மணி ஒன்றே கால். மறுநாள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கலாம் என்று போனேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்றார்கள். பக்கத்துக் கோயிலில் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இறக்கம் இன்னொரு கதை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இறங்கக்கூடாது. முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடித்து, பத்து வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மை ஆறவிட்டேன். ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டிதான்.

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் நிறுத்தினேன். சக்கரம் தாங்கியதைச் சொல்லத்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பம்பை எடுத்து வந்தார்.