கூத்துக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோ

நேற்று மாலை செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்துக் கலைஞர்களைப் படம் எடுத்தேன். வேடம் கட்டியவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட முடியாது. அதனால் ஸ்டுடியோவை அவரிடம் கொண்டுபோனோம்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இரண்டு தூணுக்கு நடுவே சாம்பல் நிறத் துணியை இழுத்துக் கட்டினோம். துரியோதனன் வேடத்துப் பெரியவரைத் துணியிலிருந்து ஆறடி தள்ளி உட்கார வைத்தேன். ஒட்டி உட்கார்ந்தால் அவர் நிழல் துணியில் விழும், சுருக்கமும் தெரியும்.

விளக்கு ஒன்றே ஒன்று. ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் மூன்றடி துணிப்பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்), இடப்பக்கம், கண்ணுக்குச் சற்று மேலே. காற்றுக்குச் சாயாமல் ஸ்டாண்டில் தண்ணீர் கேனைக் கட்டிவிட்டோம். சுற்றியுள்ள வெளிச்சம் படத்தில் பதியாதபடி கேமராவில் ஷட்டர் 1/200, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தேன். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். முழுக் கருப்பாக வந்தது. சரி, இனி விழுகிற வெளிச்சமெல்லாம் நம்முடையது.

தோளில் கட்டும் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள்தான் பாடாய்ப் படுத்தின. ஒவ்வொன்றிலும் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. விளக்கை அரையடி உயர்த்தி, பக்கவாட்டில் நகர்த்திய பிறகே அடங்கியது. வலக் கன்னத்து இருட்டுக்கு, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.

(அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் எடுத்த படங்களுக்கு ஃபிளாஷே கிடையாது. நிழலில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் முன்னால் ஆட்களை நிறுத்தினார். எனக்கு அந்தத் துணிச்சல் மேல் பெரிய மரியாதை.)

பெரியவர் கேமராத் திரையை வெகுநேரம் பார்த்தார். "கண்ணு பேசுது தம்பி" என்றார். அதற்குள் மேளம் கூப்பிட்டுவிட்டது.