துத்தநாகத் தகட்டையும் எடை போடுங்கள்

நீர்வழி துத்தநாக பேட்டரியின் எலக்ட்ரோலைட்டில், அதாவது இரு மின்முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் உப்பு நீரில், எரிய ஒன்றுமில்லை. வீட்டுச் சோலார் சேமிப்புக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும் ஆற்றல் அடர்த்தியை, அதாவது கிலோவுக்கு எத்தனை வாட் மணி என்ற கணக்கை, அப்படியே நம்ப முடியவில்லை. பல கணக்குகளில் துத்தநாகத்தின் எடை சேர்வதே இல்லை.

கேத்தோடில் (நேர்மின்முனையில்) சதுர செ.மீ.க்கு 10 மி.கி. மாங்கனீசு டை ஆக்சைடு, கிராமுக்கு 200 மில்லி ஆம்பியர் மணி என்று வையுங்கள். 1.3 வோல்ட்டில் 2.6 மில்லி வாட் மணி கிடைக்கும். கேத்தோடின் எடையால் மட்டும் வகுத்தால் கிலோவுக்கு 260 வாட் மணி. எதிர்மின்முனையாக 100 மைக்ரான் துத்தநாகத் தகடு இருந்தால் அது 71 மி.கி.; வேலைக்கு வேண்டியதோ 2.4 மி.கி. தகட்டையும் சேர்த்தால் 260 என்பது 32 ஆகிவிடும். 10 மைக்ரான் தகட்டில் 150 வரை ஏறும்; 20 மைக்ரோலிட்டர் எலக்ட்ரோலைட்டையும் எடை போட்டால் 60. காயின் செல்லில் (நாணய வடிவச் சோதனை செல்லில்) பலர் 100 மைக்ரோலிட்டர் விடுகிறார்கள்.

செல் ஆயிரக்கணக்கான சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுழற்சிகள் ஓடுவதும் இந்த உபரித் துத்தநாகத்தால்தான். 100 மைக்ரான் தகட்டில் சதுர செ.மீ.க்கு 58 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதில் 1 மில்லி ஆம்பியர் மணியை மட்டும் எடுத்துத் திரும்ப வைத்தால் பயன்பாடு 1.7 சதவீதம், அரிமானம் வெளியே தெரியாது.

மெல்லிய தகட்டில் எல்லாம் தெரியும். நீர் ஹைட்ரஜனாகப் பிரியும் இடத்தில் காரத்தன்மை ஏறி, துத்தநாக ஹைட்ராக்சி சல்பேட் வெள்ளைச் செதில்களாகப் படிகிறது. செதில் மூடாத இடங்களில் மின்னோட்டம் குவிந்து டென்ட்ரைட் எனும் ஊசி போன்ற உலோகக் கிளை வளர்கிறது. ஆகவே இரு மின்முனைகளையும் பிரிக்கும் செபரேட்டரைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது, வாயுவையும் குறைக்க வேண்டும். தகடே மின்னோட்டத்தை வெளியே கடத்தும் கரண்ட் கலெக்டராகவும் இருந்தால் இன்னொரு சிக்கல்: அது ஓட்டையாகி அறுந்தால், அறுந்த பகுதியின் துத்தநாகம் வீண்.

எலக்ட்ரோலைட்டுக்கு 575 கிராம் துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், 17 கிராம் மாங்கனீசு சல்பேட் மோனோஹைட்ரேட் இரண்டையும் கரைத்து, பிறகு 1 லிட்டர் கோடுவரை நீர் நிரப்ப வேண்டும். முதலிலேயே லிட்டர் நீரை அளந்து ஊற்றினால் செறிவு குறைந்துவிடும். மாங்கனீசு உப்பு கேத்தோடு கரைவதைத் தடுக்கும் என்று 2016-ல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகக் குழு காட்டியது. ஆனால் 1.8 வோல்ட் வரை சார்ஜ் செய்யும்போது அதே உப்பு கேத்தோடில் புதிதாகப் படிந்து திறனைக் கூட்டிக் காட்டக்கூடும். வெறும் கார்பன் தாளைக் கேத்தோடாக வைத்து ஒரு செல் செய்து, அந்தப் பங்கைக் கழியுங்கள்.

2015-ல் வந்த, நீரைவிட உப்பே அதிகமுள்ள ‘உப்பில் நீர்’ முறை, நீர் பிரியாமல் தாங்கும் மின்னழுத்த வரம்பைச் சுமார் 3 வோல்ட்டுக்கு விரித்தது. அருமையான வேதியியல்தான். ஆனால் ஒரு கிலோ நீருக்கு 6 கிலோ விலையுயர்ந்த லித்தியம் உப்பு வேண்டும். மின்சேமிப்பு நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது.

செல்லை வேகமாக ஓட்டிச் சோதித்தால் அரிமானத்துக்கு அவகாசமே கிடைக்காது. முழு சார்ஜில் 48 மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, பிறகு டிஸ்சார்ஜ் செய்து எவ்வளவு திரும்ப வருகிறது என்று அளந்து, அந்த எண்ணையும் கட்டுரையில் போடுங்கள்.