மழை விட்ட பிறகு கவாத்து: குண்டுமல்லியும் மற்ற செடிகளும்

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் ஜனவரி கடைசி வாரம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கவாத்துக் கணக்கு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்கும் காலக் கணக்கு, இது. மதுரை, திண்டுக்கல் பக்கம் சரிப்பட்டு வரலாம். எங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நவம்பர் கடைசி என்றால் குடை இல்லாமல் தோட்டத்துப் பக்கம் போக முடியாது. 2024-ல் அதே வாரம்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. வெட்டுவாய் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சணம் ஏறி, நுனியிலிருந்து கிளை கருகிக்கொண்டே வரும். அதனால் மார்கழி பிறந்து, காலையில் பனி விழ ஆரம்பித்த பிறகுதான் கத்தரியை எடுத்தேன்.

மாதத்தை விட முக்கியமான கேள்வி, மொக்கு எந்தக் கிளையில் வரும் என்பதுதான். குன்னூரில் இருக்கும் மச்சான் அசேலியா வளர்க்கிறார். அது பூ உதிர்ந்ததும் கவாத்து செய்ய வேண்டிய செடி. அடுத்த வசந்தத்துக்கான மொக்கை முந்தின பருவத்திலேயே கிளை நுனியில் கட்டி வைத்துவிடும். பூக்கும் முன் வெட்டினால் அந்த வருடத்துப் பூவே போச்சு. குளிர் நாடுகளின் லைலாக், ஃபோர்சித்தியாவும் இதே ரகம். நம் குண்டுமல்லி நேர் எதிர்: புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய கிளையை எவ்வளவு காப்பாற்றினாலும் இலைதான் மிச்சம். பங்குனி, சித்திரையில் கூடை நிறைய வேண்டுமென்றால் அதற்கு முன்பே வெட்டித் துளிர்க்க விட வேண்டும்.

வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டேன். பிறகு கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், அதாவது முழங்கால் மட்டத்தில், வெட்டினேன். காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிக் கிடக்கும் மெல்லிய கிளை, நோய் பிடித்தது எல்லாம் அடியோடு போனது. காய்ந்ததா உயிருள்ளதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடலாம், பழுப்பு என்றால் இன்னும் கீழே இறங்க வேண்டும்.

வெட்டும் கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சாய்வாக வெட்டு’ என்று எல்லோரும் சொல்வார்கள். ரோஜா, செம்பருத்தி மாதிரி கணுவுக்கு ஒரு துளிர் மொட்டு இருக்கும் செடிக்கு அது சரி. மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்தால் தண்ணீர் மொட்டின் மேல் வழியாது. குண்டுமல்லிக்குக் கணுவில் எதிரெதிரே இரண்டு மொட்டு. சரித்தால் ஒன்றின் பக்கம் வெட்டு ஒட்டிக்கொள்ளும். ஜோடிக்குச் சற்று மேலே நேராக வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துளிர்க்கிறது. ஒவ்வொரு செடி முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். பெரிய வெட்டுகளில் பூஞ்சணம் ஏறாமலிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவினேன்.

மாமியாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “ஏம்மா, இப்படி மொட்டை அடிச்சிட்டியே, பழனிக்கு வேண்டுதலா?” என்றார்.

வெட்டின கையோடு செடிக்கு 10 கிலோ தொழுவுரம். வருடத்துக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 கிராம் என்பது பரிந்துரை. அதில் பாதியை இப்போது போட்டு, மீதியை ஜூன், ஜூலைக்கு வைத்தாயிற்று. பிறகுதான் தண்ணீர். பொங்கலுக்குள் கணுக்களில் வெளிர்பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது. மாசி கடைசியில் நுனிகளில் மொக்கு, பெரும்பாலும் மூன்று மூன்றாக. நடுவில் இருப்பது முதலில் பருக்கிறது. பங்குனி தொடக்கத்தில் சில மொக்குகள் ஊதா பாரித்து, துளை விழுந்து தெரிந்தன. மொக்குப்புழுதான். அவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில் அடித்தேன். இப்போது மாமியாரே விடிவதற்குள் மொக்குப் பறிக்கப் போய்விடுகிறார். மொட்டைப் பேச்சு இல்லை.

டிசம்பர் பூவை மார்கழியில் தொடவில்லை, அதுதானே அதன் பூக்காலம். தை பாதியில் பூ ஓய்ந்ததும் பாதிக்கு மேல் குறைத்தேன்.

காம்பவுண்டுச் சுவரில் ஏறிய காகிதப்பூ தனி ஆட்டம். அதுவும் புதுக்கிளையில்தான் பூக்கும், ஆனால் உரமும் தண்ணீரும் அதிகமானால் முள்ளும் இலையுமாகத் தழைத்துத் தள்ளும். மழை ஓய்ந்ததும் வெட்டிவிட்டு, மண் காயக் காயத்தான் தண்ணீர் விட்டேன். ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களில் அது கொழிப்பதற்கும் பாதிக் காரணம் மண் இப்படிக் காய்வதுதான் என்பது என் எண்ணம். (காகிதப்பூவின் போகன்வில்லா என்ற பெயர் பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் நினைவாக வந்தது. 1767-ல் அவருடைய கப்பலில் வந்த தாவரவியலாளர் அதைப் பிரேசிலில் கண்டார்.) தோல் கையுறை இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

இட்லிப்பூ பாக்கி. அது கிளை நுனியில் கொத்தாகப் பூப்பதால் பூத்து முடிந்த கொத்தை, கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன்.