இந்தப் புத்தகம் யாருக்கு? – கும்பகோணத்தில் ஒரு திண்ணை நோட்டு

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி, இப்போது யார் என்ன படிக்கிறார்கள், அடுத்து எதைப் படிக்கலாம் என்று பேசிக்கொள்கிறோம். தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சங்கம், தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. ஒரு நீளக் கணக்கு நோட்டு மட்டும் உண்டு. வேறு ஊரில் யாராவது இப்படி ஆரம்பிக்க நினைத்தால் உதவட்டும் என்று, எது ஓடியது, எது ஓடவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

நோட்டில் முதலில் மூன்று கட்டம்தான். பெயர், புத்தகம், எந்தப் பக்கத்தில் இருக்கிறார். இந்தப் பக்க எண் நல்ல வேலை செய்தது. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எண் நகராவிட்டால் தெரிந்துவிடும். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் ஒரு தடிமனான மொழிபெயர்ப்பில் 42-ஆம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. கடைசியில் அவரே, “இது எனக்கு ஓடலை, விட்டுடறேன்” என்று கோடு போட்டு அடித்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் புத்தகத்தையும் அடித்தார்கள். பிடிக்காததைப் பாதியில் விடலாம் என்று தெரிந்த பிறகுதான் வருகை கூடியது.

பரிந்துரை மட்டும் ஆரம்பத்தில் சுத்தமாக எடுபடவில்லை. ஆளாளுக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “எல்லாரும் கண்டிப்பா படிக்கணும்” என்பார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். ஒருவரும் படிக்க மாட்டோம். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் படம் வந்தபோது ஐந்து பாகமும் எங்கள் எல்லோர் வீட்டு அலமாரியிலும் ஏறிவிட்டது. ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வரைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்தாம் பாகத்தை முடித்தவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் காபி டம்ளரைப் பார்க்கிறார்கள். கல்கி நம் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர் என்று பெருமை பேச மட்டும் யாரும் பின்வாங்குவதில்லை!

இதை மாற்றியது ஒரு தமிழாசிரியர். எங்களுக்கு அவர் டீச்சர். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அவர் கையில் எப்போதும் இருக்கும். அதிலிருந்து ஒரு இடத்தை ஒரு நாள் வாசித்துக் காட்டினார். 1880-இல் ஐயர் இதே கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வாத்தியார். முன்சீப்பாக, அதாவது சிவில் கோர்ட் நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பழைய நூல் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை. அந்தக் கேள்வி தைத்ததில்தான் 1887-இல் சிந்தாமணி அச்சுக்கு வந்தது.

“முதலியார் ஊருக்கே சொல்லலை. அந்த ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னார். நாமும் அப்படிச் சொல்லிப் பார்ப்போமே” என்றார் டீச்சர். அன்றே நோட்டில் நான்காவது கட்டம் போட்டோம்: ‘யாருக்கு’. திண்ணையில் இருக்கும் ஒருவர் பெயரை எழுத வேண்டும், ஏன் அவருக்கு என்று ஒரு வரி சொல்ல வேண்டும். கதையைச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாம்.

அதன் பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். எங்களில் ஒருவர் பட்டுத்தறி வைத்திருக்கிறார். செய்தித்தாள் தவிர வேறு எதையும் தொடாதவர், பேச்சுத் துணைக்காக வருபவர். அவர் பெயருக்கு நேரே டீச்சர் எம்.வி.வெங்கட்ராமின் ‘வேள்வித்தீ’யை எழுதினார். காரணம்: ‘உங்க தொழில் சரியா எழுதியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.’ எம்.வி.வி. இந்த ஊர்க்காரர், சௌராஷ்டிர நெசவுக் குடும்பம், பட்டுச் சரிகை வியாபாரமும் பார்த்தவர். தறிக்காரர் அதை நாவலாகப் படிக்கவில்லை, கணக்குத் தணிக்கை மாதிரி படித்தார். பேனாவால் ஓரத்தில் டிக் போட்டிருந்தார். கூலி, கடன், முதலாளி வாசலில் காத்துக் கிடப்பது எல்லாவற்றுக்கும் டிக். “எழுதினவருக்குத் தறிக்குழியில கால் வச்ச அனுபவம் இருக்குங்க” என்று தீர்ப்பும் சொன்னார். என் கணக்கில் அதைவிட நல்ல மதிப்புரை அந்த நாவலுக்கு வந்திருக்க முடியாது.

அடுத்து அவரே தேடிப் போய் அதே ஆசிரியரின் ‘காதுகள்’ எடுத்து வந்தார். காதுக்குள் ஓயாமல் குரல் கேட்கும் ஒரு மனிதனின் கதை. எம்.வி.வி.யின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது, 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தறிக்காரர் அதை நர்சிங் படிக்கும் பெண்ணின் பெயருக்கு நேரே எழுதினார். அவள் அப்போது மனநலப் பிரிவில் பயிற்சியில் இருந்தாள். ஒரு மாதம் கழித்து, “மாமா, இத ராத்திரி டூட்டில படிக்க முடியல, பகல்லதான் படிச்சேன்” என்றாள். முடித்துவிட்டாள் என்பது பக்க எண்ணில் இருந்தது.

கொஞ்சம் சூடான ஞாயிறும் உண்டு. பேங்க் சார் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லைத் திருவாரூர் பக்கத்திலிருந்து வரும் விவசாயி அண்ணனுக்கு எழுதினார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை வைத்து எழுந்த நாவல், 1977-இல் அகாதெமி பரிசு பெற்றது. அண்ணன் படித்துவிட்டு வந்து கோபமாகப் பேசினார். நிலமும் கூலியும் சாதியும் பிரச்சினையாக இருக்கும்போது, பண்ணையாரின் அந்தரங்கக் குறையில் ஏன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அவர் கேள்வி. நாவல் வந்த காலத்திலேயே எழுந்த கேள்விதான் இது, அண்ணன் அந்த விமர்சனம் எதையும் படித்தவர் இல்லை. பதிலுக்கு அவர் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லைச் சாருக்கு எழுதினார். அதே சம்பவம், வயலில் நிற்பவர்கள் பக்கமிருந்து. சார் படித்தார். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் இனி யாருக்கும் கொடுப்பேன் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பது தனித் தொல்லை. கிளை நூலகம், பழைய புத்தகக் கடை, இரண்டிலும் இல்லாவிட்டால் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். கல்கியும் உ.வே.சா.வும் மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைப்பதால் போனில் படிப்பவர்களுக்குக் கவலையில்லை. மன்னார்குடிக்காரர் ஒருவர் இந்தப் பேச்சு வந்தாலே, 1931-இல் எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் நூலகமே கிராமம் கிராமமாகப் போனது என்று ஆரம்பித்துவிடுவார். மேலவாசல் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த வண்டி அது. அதே வருஷம்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருடைய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதன் வாசகர் என்பவை அதில் இரண்டாவதும் மூன்றாவதும். எங்கள் நான்காவது கட்டத்தை ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மன்னார்குடிக்காரர்தான் இதைச் சொல்லி எங்களை அடக்கினார்.

முகூர்த்த மாதங்களில் தறிக்காரர் வரமாட்டார், சம்பா நடவில் அண்ணன் வரமாட்டார். அந்த வாரங்களில் நோட்டு மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறது.

இப்போதைய நிலவரம்: சா.கந்தசாமியின் ‘சாயாவனம்’ விவசாயி அண்ணனிடம். கரும்பு ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தையே அழிக்கும் கதை, அவர் போன வருஷம் வரப்போரப் புளியமரத்தை வெட்டியதற்காகவே நான் எழுதிக் கொடுத்தது. என்ன சொல்லப்போகிறாரோ. தி.ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ பேங்க் சாரிடம், ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறார். என் பெயருக்கு நேரே நர்சிங் பெண் ஒரு கவிதைத் தொகுப்பை எழுதியிருக்கிறாள். காரணம் என்ற இடத்தில், ‘உங்களுக்குக் கவிதை பிடிக்காதுன்னு சொன்னீங்க’ என்று இருக்கிறது. 11-ஆம் பக்கத்தில் நிற்கிறேன்.